பூசைக்குப் பெயர் கொடுத்தால் அவரைச் சாகடித்ததாகுமா?

குமரி மாவட்டக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 44. கணவர் ஆழ்கடலில் தூண்டில் தொழில் செய்தவர். ஒருமுறை தங்கல் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். 2017 நவம்பரில் அப்படிப் போன படகு, 30-ஆம் தேதி ஒக்கிப் புயலில் சிக்கியது. கூடப் போனவர்களில் சிலருடைய உடல் கேரளக் கரையோரம் கிடைத்து, டி.என்.ஏ. சோதனையில் அடையாளம் தெரிந்து, ஊருக்கு வந்து சேர்ந்தது. இவருடைய கணவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அப்போது மகனுக்கு 12 வயது, மகளுக்கு 9.

காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் அரசு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தபோது, இவரும் கையெழுத்துப் போட்டு வாங்கினார். "அந்தக் கையெழுத்துதான் அவரைக் கொன்னது" என்று எழுதுகிறார். பணத்தில் கடனை அடைத்தது போக மீதி பிள்ளைகள் பெயரில் வங்கியில் இருக்கிறது. வட்டியைத் தொடும்போதெல்லாம் கை கூசுகிறதாம். ரேஷன் கார்டில் கணவர் பெயரை இன்னும் நீக்கவில்லை. பங்கில் விதவைகள் கூட்டத்துக்கு அழைத்தால் போவதில்லை.

தினமும் விடியற்காலையில் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை மூன்று முறை. வெள்ளிக்கிழமை தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒருசந்தி. அன்று இரத்த அழுத்த மாத்திரையும் கிடையாது. கணவர் திரும்பி வந்தால் மகளைக் கன்னியர் மடத்துக்கு அனுப்புவதாக நேர்ச்சை. மகளோ இப்போது பிளஸ் டூ. கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். பள்ளியில் ஒரு படிவத்தில் அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' என்று அவள் எழுத, தாய் அதை வாங்கிக் கிழித்திருக்கிறார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைவு.

தியானம் கொடுக்க வந்த ஒருவர், "விசுவாசத்தோடு கேட்டிருந்தால் கடல் திருப்பிக் கொடுத்திருக்கும்" என்று மேடையிலிருந்தே சொல்லியிருக்கிறார். இன்னொருவர், வெளியூரில் ஜெப வீடு நடத்துபவர், கணவர் வெளிநாட்டுச் சிறை ஒன்றில் உயிரோடு இருப்பதாகத் தரிசனம் கண்டு சொல்லி, விடுதலைக்கான ஜெபத்துக்கு மாதாமாதம் காணிக்கை வாங்குகிறார். சங்கிலி அடகில் இருக்கிறது.

இந்த நிலையில் பங்குத்தந்தை வீட்டுக்கு வந்து, வரும் நவம்பர் 30 அன்று கோயில் வளாகத்தில் ஒரு நினைவுக் கல் வைக்கப்போவதாகவும், அன்றைய பூசையில் பெயர்களை வாசிக்கப்போவதாகவும், கணவர் பெயரையும் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். மாமியார் கூடாது என்கிறார். மகன் சேர்க்கலாம் என்கிறான். சகோதரியின் கேள்வி: "பூசைக்குப் பேரு குடுத்தா நானே அவரைச் சாகடிச்ச மாதிரி ஆயிராதா? இத்தனை வருஷம் ஜெபிச்சது பொய்யாயிராதா? முன்னெல்லாம் ஜெபத்துல ஒரு பெலன் இருந்தது. இப்ப வாய் மட்டும்தான் அசையுது."

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில்: ஆகாது. பெயர் கொடுத்தாலும் ஆகாது, கொடுக்காவிட்டாலும் உங்கள் விசுவாசம் கூடிவிடாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். "சில ராத்திரி கடற்கரைக்குப் போய், அவருகிட்டயே போயிரலாமான்னு இருக்கும்."

அந்த எண்ணம் இப்போதும் வருகிறதா? எவ்வளவு அடிக்கடி? இதை உங்களிடம் நேராகவே கேட்கிறேன். நீங்களும் யாரிடமாவது நேராகவே சொல்லுங்கள். மகனிடம் சொல்ல முடியாவிட்டால் உங்கள் தங்கையிடம் சொல்லலாம். இரவில் அந்த எண்ணம் எழுந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பகலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். தூக்கம் போய், உடல் மெலிந்து, எதிலும் பிடிப்பில்லாமல் மாதக்கணக்காக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். துக்கத்தின் மேல் மனச்சோர்வு நோயும் சேர்ந்திருக்கலாம் என்று சந்தேகப்பட இது போதும். அதற்கு மருந்து இருக்கிறது. மருந்து எடுப்பது ஜெபத்தைக் கைவிட்டதாகாது.

எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, "போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்ட இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் (1 அரசர்கள் 19). அவருக்கு வானதூதர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. தூங்கவிட்டார். எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னார். ஓரேபு மலையில் கடவுள் அவரோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். ஆகவே வெள்ளிக்கிழமை ஒருசந்தியை இப்படியே தொடர வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். திருச்சபை கட்டளையாக வைத்திருக்கும் நோன்பு நாள் வருடத்தில் இரண்டே இரண்டு: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். அந்த நாட்களிலும் ஒரு வேளை முழுச் சாப்பாடு உண்டு, தண்ணீருக்குத் தடையே இல்லை, நோயாளிகளுக்கு விலக்கும் உண்டு. இரத்த அழுத்த மாத்திரையை வாரம் ஒரு நாள் விடுவது எந்தப் புனிதரும் கேட்காத காணிக்கை. பக்கவாதம் வந்து நீங்கள் படுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? வெள்ளிக்கிழமை எதையாவது ஒறுக்க வேண்டும் என்று மனம் கேட்டால், மீனைத் தவிர்த்து அந்தக் காசை இல்லாத வீட்டுக்குக் கொடுங்கள்.

கையெழுத்து என்ன செய்தது

ஒருவரைப் பற்றி, இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் வராவிட்டால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது நம் சாட்சியச் சட்டம். முன்பு பிரிவு 108. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் பிரிவு 111. இது ஓர் அனுமானம் மட்டுமே. ஆள் நேரில் வந்து நின்றால் அனுமானம் அந்த நிமிடமே விழுந்துவிடும். ஒக்கியில் போனவர்களின் குடும்பங்களை ஏழு வருடம் அலைய விடக் கூடாது என்றுதான் அரசு தனியாக முடிவெடுத்து முன்னதாகவே நிவாரணம் கொடுத்தது. அப்படிக் கொடுக்க வேண்டும் என்று மீனவ மக்கள் ரோட்டில் இறங்கிப் போராடியதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

நீங்கள் போட்டது, பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் ஒன்பது வயதுப் பெண்ணுக்கும் சோறு, பள்ளிக்கூடம், கடன்காரனிடமிருந்து விடுதலை ஆகியவற்றுக்கான கையெழுத்து. அவர் உயிர் இருக்கிறதா, போனதா என்பதை அந்தக் காகிதம் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்க அதற்கு வலுவும் இல்லை. வட்டியைத் தொடக் கை கூசுகிறது என்கிறீர்கள். தங்கலுக்குப் போய் அவர் கொண்டுவந்த காசும் இந்தப் பிள்ளைகளுக்காகத்தானே?

ஒரே தெரு, ஒரே ஜெபமாலை

தியானம் கொடுத்தவர் சொன்னதைப் பற்றி. கோபம் வராமல் எழுத முயல்கிறேன்.

அந்த வாரம் உங்கள் ஊரில் ஜெபிக்காத பெண் யாராவது இருந்தார்களா? கோயிலில் விடிய விடிய உட்கார்ந்திருந்த அத்தனை பேர் கையிலும் ஜெபமாலை இருந்தது. சிலருடைய கணவர் வந்தார். சிலருடையவர் உடலாக வந்தார். சிலருடையவர் வரவே இல்லை. வந்தவரின் மனைவிக்கு விசுவாசம் அதிகம், வராதவரின் மனைவிக்குக் குறைவு என்று எதை வைத்துச் சொல்வது? புயல் கரையை விட்டு மிகத் தொலைவில் இருந்த படகுகளைப் பிடித்தது, கடலுக்குப் போய் நாட்கணக்கில் ஆகியிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை, தேடுதல் தாமதமானது. உங்கள் ஊரார் அன்றிலிருந்து சொல்லிவரும் காரணங்கள் இவை. அந்தப் பாரத்தைக் கரையில் முழந்தாளிட்டிருந்த பெண்களின் தலையில் இறக்கி வைப்பது அநியாயம்.

தியானம் கொடுத்தவர் மேற்கோள் காட்டியது மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரம், "உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இல்லையா?" என்ற வசனம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியை முழுக்க வாசித்துப் பாருங்கள். சீடர்களில் பலர் மீனவர்கள், கடல் தெரிந்தவர்கள். அவர்கள் பணிவாக மன்றாடவில்லை. "சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா?" என்று கத்தினார்கள். இயேசு எழுந்தது அந்தக் கத்தலுக்குத்தான். முதலில் காற்றை அடக்கினார், கேள்வி அதற்குப் பிறகே வந்தது. மார்த்தாவும் அப்படித்தான்: நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்க மாட்டான் என்று முகத்துக்கு நேராகவே கேட்டாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

இன்னொன்று. ஜெபமாலையில் நீங்கள் ஒவ்வொரு வெள்ளியும் சொல்லும் துயர மறைபொருள்களில் முதலாவது எது? இயேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை வியர்த்து ஜெபித்தது. இந்தத் துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று மூன்று தடவை கேட்டார். அகலவில்லை. கேட்டவரின் விசுவாசத்தில் குறை என்று அங்கே யார் சொல்லத் துணிவார்கள்? கேட்டது கிடைக்காத ஜெபம் தோற்றுப்போன ஜெபம் என்று வைத்தால், நம் ஜெபமாலையே ஒரு தோல்வியில் தொடங்குகிறது என்று ஆகிவிடும்.

உங்களுக்கு நடந்திருப்பதை மனநலத் துறை தனியாகவே கவனித்திருக்கிறது. வியட்நாம் போர்க் காலத்தில் காணாமல் போன அமெரிக்க விமானிகளின் மனைவிகளோடு 1970-களில் பேசிப் பார்த்து, இந்த வகை இழப்பை முதலில் விளக்கியவர் பாலின் பாஸ் என்ற குடும்ப சிகிச்சையாளர். ஆள் இறந்தது உறுதியானால் துக்கம் நடக்கத் தொடங்கும். அழுது, புதைத்து, மாதாந்தம், ஆண்டு நினைவு என்று அதற்குப் படிகள் உண்டு. உடல் இல்லாதபோது எந்தப் படியிலும் கால் வைக்க முடிவதில்லை. உங்களுக்கு ஒப்பாரி வைக்கக்கூட ஒரு பெட்டி வரவில்லை. அழுதால் அவரைச் சாகக் கொடுத்த மாதிரி, அழாவிட்டால் கல்நெஞ்சக்காரி. எட்டு வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்குக் களைப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பாலின் பாஸ் இப்படிப்பட்ட குடும்பங்களிடம் "மறந்துவிடு, முடித்துக்கொள்" என்று சொல்வதில்லை. முடிவு தெரியாமலே வாழ முடியும், இரண்டு உண்மைகளைச் சேர்த்தே சொல்லலாம் என்கிறார்: அவர் இறந்திருக்கலாம், அவர் வரவும் கூடும். இரண்டில் ஒன்றை இன்றே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உங்களை யாரும், கடவுள் உட்பட, கேட்கவில்லை.

தரிசனம் சொல்பவரிடம் கேட்க வேண்டியது

வெளிநாட்டுச் சிறையில் இருக்கிறார் என்றால் அதை விசாரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஜெப வீட்டுக்காரரிடம் எந்த நாடு, எந்த ஊர் என்று கேளுங்கள். சொன்னால், அதை மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் எழுத்தில் மனுவாகக் கொடுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) இணையதளத்திலும் மகன் பதிவு செய்யலாம். அந்தந்த நாட்டிலுள்ள நம் தூதரகம் விசாரித்துப் பதில் சொல்லும். பாகிஸ்தான் என்றால், 2008 ஒப்பந்தப்படி இரண்டு நாடுகளும் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் கைதிகள், மீனவர்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. இந்தியப் பெருங்கடலில் உள்ள தியேகோ கார்சியா தீவுப் பக்கம் பிடிபட்ட குமரிப் படகுகளின் செய்தி எவ்வளவு சீக்கிரம் ஊருக்கு வந்து சேர்ந்தது என்று உங்களுக்கே தெரியும். எட்டு வருடமாக ஒரு மனிதரை வைத்திருக்கும் சிறை, ஒரு கடிதம்கூட வெளியே வராத சிறை, ஒருவருடைய தரிசனத்தில் மட்டும் தெரிகிறது என்பதை நான் நம்பவில்லை.

நாட்டின் பெயரைச் சொல்ல மறுத்து, "கேள்வி கேட்பது அவிசுவாசம்" என்று அவர் பதில் சொன்னால், அந்தப் பதிலே உங்களுக்குப் போதும். பொய் சொல்லி நம்பவைத்துப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318-இன் கீழ் மோசடி. காவல் நிலையத்தில் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அதை முதல் வேலையாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. காணிக்கை என்று நீங்களாகக் கொடுத்த பணம் என்று அவர் வாதாடுவார், ஊரில் பேச்சு கிளம்பும், அதைத் தாங்கும் நிலையில் இப்போது நீங்கள் இல்லை. முதலில் கொடுப்பதை நிறுத்துங்கள். கொடுத்த தேதி, தொகை, யு.பி.ஐ. ரசீது, அவர் அனுப்பிய குரல் செய்திகள் எல்லாவற்றையும் மகனிடம் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். மிரட்டினாலோ சாபம் விடுவதாகப் பயமுறுத்தினாலோ அப்போது தயங்காமல் போங்கள். ஏழைகளுக்காகக் காணிக்கை வாங்காமலும் பூசை வையுங்கள் என்று குருக்களைத் திருச்சபைச் சட்டம் (945) வற்புறுத்துகிறது. கர்த்தரின் பலியே இலவசமாகக் கிடைக்கும்போது ஒரு தரிசனத்துக்கு மாதத் தவணை எதற்கு?

மகளைக் கட்டாத நேர்ச்சை

இந்த விஷயத்தில் நீங்கள் தேவையில்லாமல் துன்பப்படுகிறீர்கள். மகள் மடத்துக்குப் போக மறுப்பதால்தான் அப்பா வரவில்லையோ என்ற எண்ணம் உங்களை அரிக்கிறது. அவளிடமும் ஒருமுறை அதைச் சொல்லிவிட்டீர்கள். பதினேழு வயதுப் பெண் அதை எப்படித் தாங்குவாள்? அவள் கோயிலை வெறுக்கவில்லை. தன்னை விலையாகப் பேசிய கடவுளுக்குப் பயந்து ஒதுங்கி நிற்கிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். திருச்சபைச் சட்டத்தின் 1193-ஆம் எண் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மற்றவரின் வாழ்க்கையை நேர்ந்துகொடுக்கத் தாய்க்கும் அதிகாரம் கிடையாது. துறவறத்துக்கு அவளுடைய சொந்த விருப்பம் வேண்டும். நீங்கள் வைத்ததோ நிபந்தனையோடு கூடிய நேர்ச்சை. நிபந்தனை நிறைவேறவும் இல்லை. இத்தனைக்கும் மேல் மனம் உறுத்தினால், தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு (1196). பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

'லேட்' என்று அவள் எழுதியதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவைப் பார்த்த ஞாபகம் அவளுக்கு ஒன்பது வயதோடு நின்றுவிட்டது. வகுப்பில் ஒவ்வொரு வருடமும் "அப்பா என்ன பண்றார்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள். அவளுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது, கிடைத்ததை எழுதினாள். உங்களுக்கு அந்தச் சொல் வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரே வீட்டில் அம்மா காத்திருக்கலாம், மகள் துக்கம் கொண்டாடலாம். யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்லை. மகன் விஷயத்தை நீங்கள் ஒரு வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள், அவனும் கடலுக்குப் போக வேண்டும் என்கிறான் என்று. அது தனிக் கடிதத்துக்கு உரியது, எழுதுங்கள்.

வாய் மட்டும் அசையும் ஜெபம்

முன்பு ஜெபத்தில் பெலன் இருந்தது, இப்போது இல்லை என்கிறீர்கள். மூன்று ஜெபமாலையை நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்று விவரித்திருப்பதைப் படித்தேன். ஒரு மணி தவறினாலும் முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். ஒரு நாள் விட்டால் அன்றைக்கு அவருக்கு ஏதோ ஆகிவிடும் என்ற பயம். இது கடனுக்கு வட்டி கட்டுவது போல ஆகிவிட்டது. வட்டி கட்டுகிறவருக்குக் கடன்காரனோடு பேச என்ன இருக்கும்?

ஜெபமாலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்றை ஒன்றாக்குங்கள். தவறிய மணியைத் திரும்பச் சொல்லாதீர்கள். மீதி நேரத்தில் திருப்பாடல்களை எடுத்து, 13-ஐயும் 88-ஐயும் வாய்விட்டு வாசியுங்கள். எண்பத்தெட்டாம் பாட்டில் கடைசிவரை ஆறுதல் வருவதில்லை, இருட்டிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை ஜெபம் என்றே பாதுகாத்து, இரவு ஜெபத்தில் குருக்களும் கன்னியரும் சொல்லும்படி வைத்திருக்கிறது. ஆகவே "ஏன் இப்படிச் செய்தீர்?" என்று நீங்கள் கேட்டால் அது தேவதூஷணம் ஆகாது. உங்களுக்கு முன்பே எழுதப்பட்டு, பாட்டாகவே பாடப்பட்ட கேள்வி அது. வார்த்தை வராத நாளில் சும்மா உட்காருங்கள். நமக்கு எப்படி வேண்டுவது என்று தெரியாதபோது தூய ஆவியார் பெருமூச்சுகளாக நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று பவுல் உரோமையருக்கு எழுதுகிறார். பெருமூச்சு விடத்தான் உங்களுக்குத் தெரியுமே.

தனியாகவும் ஜெபிக்காதீர்கள். என்னிடம் வரும் கடலோரக் குடும்பங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: அதே புயலில் ஆளைப் பறிகொடுத்த இன்னொரு பெண்ணோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுவது, பத்து ஆலோசகர்கள் சொல்வதைவிட நல்லது செய்கிறது. விதவைகள் கூட்டம் என்ற பெயர் தடையாக இருந்தால் அங்கே போக வேண்டாம். உங்கள் அன்பியத்திலேயே, அதாவது பக்கத்து வீடுகள் சேர்ந்த பங்கின் சிறு ஜெபக் குழுவிலேயே, உடல் கிடைக்காதவர்களின் வீடுகள் இருக்கும். அவர்களில் ஒருவரை வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் ஜெபத்துக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஜெபம் பத்து நிமிடம் நடந்தால் போதும். கட்டன்சாயாவும் பேச்சும் ஒரு மணி நேரம் நடக்கட்டும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது.

கல்லும் பூசையும்

இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பூசையை யாருக்காகவும், உயிரோடு இருப்பவருக்காகவும் இறந்தவருக்காகவும், ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 901. ஆகவே அவர் பெயருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்ல, அவர் இருக்கிறாரா இல்லையா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று எழுத மனம் வராவிட்டால், 'கடலுக்குப் போய்த் திரும்பாத இன்னாருக்காக' என்று எழுதிக் கொடுங்கள். அவர் எங்கே இருந்தாலும் அந்தப் பூசை அவருக்குப் போய்ச் சேரும். மாமியாரிடமும் இதையே சொல்லிப் பாருங்கள். பிள்ளையைப் பெற்றவர் அவர், உங்களைவிட வயதானவர். அவருடைய மறுப்பை முரண்டு என்று நினைக்காதீர்கள், பயமாக இருக்கலாம்.

கல் விஷயத்தில் மூன்று வழிகள் தெரிகின்றன. மகன் சொல்வதுபோலப் பெயரைச் சேர்ப்பது ஒன்று. இதில் பிள்ளைகளுக்குப் பூவும் மெழுகுதிரியும் வைக்க ஓர் இடம் கிடைக்கும். கல்லறைத் திருநாளன்று அவர்கள் இத்தனை வருடம் எங்கே போய் நின்றார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் நீங்களும் மாமியாரும் தினமும் அதைக் கடந்து கோயிலுக்குள் போக வேண்டியிருக்கும். இப்போதைக்கு வேண்டாம், இடம் விட்டு வையுங்கள் என்று கேட்பது இரண்டாவது. கல்லில் ஒரு வரி காலியாக விடுவது பெரிய காரியமல்ல, அடுத்த வருடம்கூடச் செதுக்கலாம். மூன்றாவது, நான் விரும்புவது: 'இறந்தவர்கள்' என்று தலைப்பிடாமல் 'ஒக்கியில் கடலுக்குப் போய் வீடு திரும்பாதவர்கள்' என்று கல்லுக்கே தலைப்பு வைக்கும்படி பங்குத்தந்தையிடம் கேட்பது. உடல் கிடைத்தவர்களுக்கும் அது பொருந்தும், கிடைக்காதவர்களுக்கும் பொருந்தும். உங்களைப் போல எத்தனை வீடுகளில் இதே சண்டை நடக்கிறதோ, அவர்களுக்கும் இது உதவும். கேட்டுப் பாருங்கள்; வீட்டுக்கு வந்து உங்கள் விருப்பத்தைக் கேட்டவர், இதையும் காது கொடுத்துக் கேட்பார்.

பங்குத்தந்தையைப் பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் வர மறுத்தால், கல்லுக்கு என்ன எழுத வேண்டும் என்று அவளிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். நேர்ச்சை முடிந்தது, அது உன்னைக் கட்டாது என்பதை மட்டும் அவளிடம் நீங்களே, உங்கள் வாயால் சொல்லுங்கள். அதை இன்றைக்கே செய்யலாம். நவம்பர்வரை காத்திருக்க வேண்டாம்.